ஸ்டியரிங் ஆட்டம்: எங்கே தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது எப்படி

யாழ்ப்பாணத்தில் இருந்து கொடிகாமம் தாண்டி, பளையும் போய், ஏ9 வீதி ஆனையிறவு வெளிக்குள் இறங்கும் இடத்தில்தான் பல கார்களின் குட்டு வெளிப்படும். இரண்டு பக்கமும் மறைப்பில்லாத உப்புவெளி. ஆடி மாதம் என்றால் சோளகக் காற்று பக்கவாட்டில் அறையும். ஊருக்குள் ஓடும்போது ஒன்றும் காட்டாத கார் அங்கே கொஞ்சம் இடம், கொஞ்சம் வலம் என்று அலையத் தொடங்கும். ஸ்டியரிங்கை ஒரு விரலளவு திருப்பினால் கார் கேட்காது. இன்னும் கொஞ்சம் திருப்பினால் திடீரென்று கேட்கும். அரை மணித்தியாலம் அப்படி ஓட்டினால் தோள் இரண்டும் கல்லாகிவிடும்.

இதைத்தான் ‘ஸ்டியரிங் லூஸ்’ என்கிறோம். கராஜில் ‘பிளே இருக்கு’ என்பார்கள். நான் ‘ஆட்டம்’ என்றே எழுதுகிறேன்.

இந்தக் கதை இப்போது அதிகம் கேட்கிறது. 2020 மார்ச்சில் நின்றுபோன வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மறுபடி திறந்தது. திறந்த பிறகும் விலையைக் கேட்டவர்கள் பழைய காரையே துடைத்து வைத்துக்கொண்டார்கள். வருடாவருடம் வரிப்பத்திரம் எடுக்கப் புகைப் பரிசோதனைக்குப் போகிறோம், சரி. அங்கே பார்ப்பது புகையைத்தான். ஸ்டியரிங்கை ஆட்டிப் பார்ப்பது நம் பொறுப்பு.

என் கொரோலா 110இல் இந்த ஆட்டம் வந்தபோது ஒரு கராஜில், “அண்ணை, றக் போட்டுது, மாத்த வேணும்” என்றார்கள். ஸ்டியரிங் திருப்பத்தைச் சில்லுகளுக்குக் கொண்டுபோகும் பல் தண்டுதான் றக். நம்பினேன். கொழும்பு பஞ்சிகாவத்தையில் இருந்து பாவித்த றக் ஒன்று பஸ்ஸில் வந்து இறங்கியது. மாற்றினார்கள். ஆட்டம் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால், ஸ்டியரிங் தண்டு றக்கோடு சேரும் இடத்தில் உள்ள பூட்டின் பொல்ட்டு அரைவாசி கழன்றிருந்தது. 12ஆம் நம்பர் ஸ்பனர், இரண்டு நிமிட வேலை. அன்றிலிருந்து எனக்கு ஒரு பழக்கம்: எந்த இடம் ஆடுகிறது என்று என் விரலால் தொட்டுப் பார்க்கும்வரை ஒரு சாமானும் வாங்குவதில்லை. கீழே வருவதெல்லாம் அந்த இடத்தைத் தொடும் வழிதான்.

முதலில், இது ஆட்டம்தானா?

கார் ஒரே பக்கமாக இழுத்தால் அது ஆட்டம் இல்லை. டயர்க் காற்று, எலைன்மென்ட் (சில்லுகள் நிற்கும் கோணம்), அல்லது ஒரு பக்க பிரேக் பிடித்துக்கொண்டிருப்பது காரணமாக இருக்கலாம். 80 கிலோமீற்றருக்கு மேல் ஸ்டியரிங் நடுங்கி, வேகம் குறைந்ததும் நின்றால் பெரும்பாலும் சில்லு பலன்ஸ். பிரேக் பிடிக்கும்போது மட்டும் நடுங்கினால் டிஸ்க்கைப் பாருங்கள். கிடங்கில் விழும்போது ‘டக் டக்’ என்று சத்தம் மட்டும் வந்து, ஓட்டத்தில் வித்தியாசம் இல்லையென்றால் ஸ்டெபிலைசர் லிங்க்கில் தொடங்குங்கள். பவர் ஸ்டியரிங் பெல்ட் தளர்ந்தால் ஸ்டியரிங் பாரமாகுமே ஒழிய லூஸாகாது. இதைப் பலர் குழப்பிக்கொள்கிறார்கள்.

உண்மையான ஆட்டம் என்பது, நீங்கள் ஸ்டியரிங்கைத் திருப்பியும் சில்லு அசையாத அந்த வெற்று இடைவெளி. அதை அளக்கலாம். சமதரையில் சில்லுகளை நேராக வைத்து நிறுத்துங்கள். பவர் ஸ்டியரிங் உள்ள கார் என்றால் இன்ஜின் ஓடட்டும். ஸ்டியரிங் வளையத்தின் உச்சியில் ஒரு துண்டு டேப் ஒட்டி, டாஷ்போர்டில் இருந்து ஓர் அடிமட்டத்தை அதன் அருகே நீட்டி வையுங்கள். முன் சில்லில் ஒருவர் கண் வைத்திருக்க, விரல் நுனியால் மெல்ல இடப்பக்கம் திருப்புங்கள். சில்லு அசையத் தொடங்கும் கணத்தில் நிறுத்தி அளவைப் பாருங்கள். பிறகு வலப்பக்கமும் அப்படியே.

இன்றைய றக் வகை ஸ்டியரிங் உள்ள டொயோட்டா, சுசுக்கி போன்ற சிறிய கார்களின் கையேடுகள் சொல்லும் உச்சவரம்பு இரண்டு பக்கமும் சேர்த்து 30 மில்லிமீற்றர். நல்ல நிலையில் உள்ள காரில் அதன் பாதிகூட இருக்காது. றக்குக்குப் பதிலாக ஸ்டியரிங் பெட்டி வைத்த பழைய கார்களிலும் பழைய வான்களிலும் 50 மில்லிமீற்றர்வரை பொறுத்துக்கொள்ளலாம். அளவை ஒரு கொப்பியில் திகதியோடு எழுதி வையுங்கள். வேலை முடிந்தபின் ஒப்பிடத் தேவைப்படும்.

ஒரு வாரத்துக்குள் ஆட்டம் திடீரென்று கூடியிருந்தால், அல்லது திருப்பும்போது ‘கடக்’ என்று ஏதோ தாவுவது போல் கையில் தெரிந்தால், காரை ஓட்டிக்கொண்டு கராஜுக்குப் போக வேண்டாம். ஒரு மூட்டு கழன்றால் அந்தச் சில்லு எந்தப் பக்கமும் போகும். கயிற்றில் கட்டி இழுப்பதும் ஆபத்து, இழுபடும் காரையும் ஸ்டியரிங்கால்தானே ஓட்ட வேண்டும். மெக்கானிக்கை வீட்டுக்கு அழையுங்கள். முடியாவிட்டால் காரை லொறியில் ஏற்றுங்கள்.

காசு செலவில்லாத இரண்டு

டயர்க் காற்றை, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். சாரதிக் கதவைத் திறந்தால் தூணில் ஒட்டியிருக்கும் தாளில் உங்கள் காருக்குரிய அளவு இருக்கும். சிறிய கார்களில் பெரும்பாலும் 30 பிஎஸ்ஐக்கும் 36க்கும் இடையில். காற்று 20க்குக் கீழே போன முன் டயர் தரும் உணர்வு அசல் ஸ்டியரிங் ஆட்டம் போலவே இருக்கும். அதோடு நான்கு டயரும் ஒரே வகைதானா என்றும் பாருங்கள். முன்னுக்குப் புது டயர், பின்னுக்குப் பக்கம் வெடித்த பழைய டயர் என்று ஓடும் கார் காற்றில் அலையத்தான் செய்யும்.

அடுத்தது சில்லு நட்டுகள். டொயோட்டா சிறிய கார்களுக்கு 103 நியூட்டன் மீற்றர், சுசுக்கி ஆல்ட்டோ, வகன்ஆர் வகைக்கு 85. இறுக்கும் அளவு காட்டும் ஸ்பனர் இல்லாவிட்டால் காரோடு வந்த ஸ்பனரால் கையால் நன்றாக இறுக்குங்கள். ஏறி மிதிக்க வேண்டாம், பொல்ட்டின் புரி போய்விடும். பஞ்சர் ஒட்டிவிட்டு வந்த மறுநாள் ‘ஸ்டியரிங் ஒரு மாதிரி இருக்கு’ என்றால் நட்டுத்தான்.

ஒருவர் உள்ளே, ஒருவர் வெளியே

இனி வருவதுதான் முழுக் கட்டுரையின் உயிர். இதற்கு ஜக் வேண்டாம், விலையுயர்ந்த கருவி எதுவும் வேண்டாம். நம்பிக்கையான ஒரு தம்பி வேண்டும்.

கார் தன் பாரத்தோடு நான்கு சில்லிலும் நிற்கட்டும். தூக்கிவிட்டால் மூட்டுகள் தளர்ந்து தொங்கி, ஆட்டத்தை மறைத்துவிடும். பாரம் இருக்கும்போதுதான் அது உள்ளபடி தெரியும். சீமெந்து முற்றம் நல்லது. ஹான்ட் பிரேக் போட்டு, பின் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். இன்ஜினை நிறுத்திவிட்டு, பூட்டு விடும் அளவுக்கு மட்டும் திறப்பைத் திருப்பி வையுங்கள். ஸ்டியரிங் பாரமாக இருக்கும், பரவாயில்லை. அடியில் கை நீட்டும்போது இன்ஜின் ஓடக் கூடாது.

உள்ளே இருப்பவர் ஸ்டியரிங்கை ஒரு சாண் அளவுக்கு இடமும் வலமும் சுருக்கென்று ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நெடுகத் திருப்பத் தேவையில்லை. நீங்கள் மேலிருந்து கீழாக, மூட்டு மூட்டாக இறங்குங்கள். ஒவ்வொரு மூட்டிலும் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்று: இந்தப் பக்கம் அசைந்ததும் அந்தப் பக்கமும் உடனே அசைகிறதா, தாமதிக்கிறதா?

உள்ளேயே தொடங்கலாம். ஸ்டியரிங் வளையத்தைப் பிடித்து மேலும் கீழும், உங்களை நோக்கியும் இழுத்துப் பாருங்கள். மேலும் கீழும் ஆடினால் தண்டைத் தாங்கும் புஷ், அல்லது உயரம் மாற்றும் பிடியின் பூட்டு.

பிறகு பெடல்களுக்கு மேலே டோர்ச் அடித்துப் பாருங்கள். தண்டு வளைந்து திரும்பும் இடத்தில் சிலுவை வடிவ மூட்டு ஒன்று இருக்கும். யூ-ஜொயின்ட் என்பார்கள். அதன் இரண்டு பக்கமும் இரண்டு விரல் வைத்தால், மேல் பகுதி முதலில் திரும்பிக் கீழ்ப்பகுதி பிந்துவது தெரியும். அதைக் கவ்விப் பிடிக்கும் பொல்ட்டுகளையும் விட்டுவிடாதீர்கள். என் காசு போனது அங்கேதான். பொல்ட்டு இறுக்கமாக இருந்தும் மூட்டு ஆடினால் மூட்டையே மாற்ற வேண்டும். அதை வெல்டிங் செய்து தருகிறேன் என்று யாராவது சொன்னால் நன்றி சொல்லிவிட்டு வெளியே வந்துவிடுங்கள்.

அடுத்தது றக். இன்ஜினுக்குப் பின்னால் குறுக்கே கிடக்கும் நீண்ட குழாய் போன்ற பகுதி. தம்பி ஆட்டும்போது குழாய் முழுவதுமே இடம் வலமாக நகர்ந்தால் அதைக் காரின் சட்டத்தோடு பிடிக்கும் றப்பர் புஷ் நைந்துவிட்டது, அல்லது பொல்ட்டு தளர்ந்துவிட்டது. மலிவான பழுது, ஆனால் பெரிய ஆட்டம் தரும். பவர் ஸ்டியரிங் ஒயில் கசியும் கார்களில் இந்தப் புஷ் ஊறிக் கூழாகிவிடும்.

றக்கின் இரண்டு முனையிலும் அக்கோடியன் போல் மடிப்பு மடிப்பான றப்பர் உறை இருக்கும். அதற்குள் ஒளிந்திருப்பது றக் எண்ட். உறையை விரல்களால் அமுக்கி, உள்ளே உள்ள குண்டு மூட்டைப் பிடியுங்கள். ஆட்டும்போது உள்ளே ‘டிக்’ என்று விரலில் தட்டினால் அது போய்விட்டது. கண்ணுக்கு இந்த மூட்டு தெரியாது. அதனால்தான் அவசர கராஜ்களில் இதைத் தவறவிடுகிறார்கள்.

கடைசியாக, சில்லுக்கு அருகே டை ரொட் எண்ட், அதாவது றக்கில் இருந்து சில்லுக்குப் போகும் ரொட்டின் முனை. ரொட்டின் முனையில் உள்ள குண்டு மூட்டிலும், அது ஏறி நிற்கும் நக்கிள் கையிலும் (சில்லைத் திருப்பும் இரும்புக் கை) ஒரே விரலைப் படுக்கவைத்துத் தொடுங்கள். இரண்டும் ஒன்றாக நகர்ந்தால் நல்லது. ஒன்று முந்தி மற்றது பிந்தினால், விரல் அதை உடனே சொல்லும். இடுக்கில் மட்டும் விரலை விட வேண்டாம்.

இவ்வளவும் உறுதியாக இருந்தும் கார் அலைகிறதென்றால் பழுது ஸ்டியரிங்கில் இல்லை. லோவர் ஆர்ம் (சில்லைச் சட்டத்தோடு பிடிக்கும் கீழ்க் கை) புஷ், போல் ஜொயின்ட் (அந்தக் கை சில்லுப் பக்கம் சேரும் குண்டு மூட்டு), சில்லு பெயாரிங் இவற்றில் ஒன்று, அல்லது பின் அச்சைப் பிடிக்கும் புஷ். பின்பக்கப் புஷ் போனால் காரின் வால் தானாகத் திரும்பும். ஓட்டுபவருக்கு அது முன் ஸ்டியரிங் தளர்ந்தது போலவே படும்.

இப்போது தூக்கிப் பார்க்கலாம்

தூக்குவதற்கு முன் ஒரு விஷயம். ஜக்கை மட்டும் நம்பிக் காருக்கு அடியில் போகாதீர்கள். வடமராட்சி, தென்மராட்சி மணலில் ஜக் சாயும். மழை பெய்த செம்மண்ணிலும் அப்படித்தான், கீழே ஒரு தடித்த பலகை வையுங்கள். தாங்குகால் (தூக்கிய காரைத் தாங்கி நிற்கும் இரும்புக் கால்) இல்லாதவர்கள் சீமெந்துக் கல்லை அடுக்குவதைப் பார்த்திருக்கிறேன். அதை மட்டும் செய்யவே வேண்டாம். உள்ளே பொள்ளலான கல் பாரம் தாங்கிக்கொண்டே இருந்து ஒரு கணத்தில் பொடியாகும். வேறு வழியே இல்லாவிட்டால் அகலமான பனங்குற்றி அதைவிட ஆயிரம் மடங்கு மேல்.

முன் சில்லு தரையை விட்டு எழும்பியதும், கடிகாரத்தில் 9, 3 நிற்கும் இடங்களில் இரு கையால் பிடித்து உள்ளும் வெளியும் ஆட்டுங்கள். பிறகு 12, 6 இடங்களில். பக்கவாட்டில் மட்டும் ஆடினால் டை ரொட் அல்லது றக் எண்ட். மேல்கீழாக மட்டும் ஆடினால் போல் ஜொயின்ட் மேல் சந்தேகம். இரண்டிலும் ஆடினால் பெயாரிங். உறுதிசெய்ய, தம்பியைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லிவிட்டு மறுபடி ஆட்டுங்கள். ஆட்டம் மறைந்தால் பெயாரிங், மறையாவிட்டால் போல் ஜொயின்ட். சில்லைக் கையால் சுற்றும்போது மாவரைக்கும் சத்தம் வந்தாலும் பெயாரிங்தான்.

ஜக்கை வைக்கும் இடமும் முக்கியம். கொரோலா, விட்ஸ், ஆல்ட்டோ, வகன்ஆர் போன்றவற்றில் ஸ்பிரிங் ஷொக்கோடு சேர்ந்து நிற்கிறது. இவற்றில் சட்டத்தில் ஜக் வைத்துச் சில்லைத் தொங்கவிட்டால் கீழ் போல் ஜொயின்ட் பாரமின்றி இருக்கும், ஆட்டம் தெரியும். ஸ்பிரிங் அல்லது டோர்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதிலாக முறுகும் கம்பி) கீழ்க் கையில் ஏறியிருக்கும் வான்களில் கீழ்க் கைக்கு அடியிலேயே ஜக் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் ஸ்பிரிங் மூட்டை இறுக்கிப் பிடித்து, போன மூட்டையும் நல்ல மூட்டாகக் காட்டும்.

ஏன் நம் ஊரில் சீக்கிரம் போகிறது

ஒரு குண்டு மூட்டின் ஆயுள் அதன் றப்பர் உறையின் ஆயுள்தான். உறை கிழிந்த அன்றே கிறீஸ் வெளியே, தூசி உள்ளே. வலிகாமத்துச் செம்மண் புழுதி அரத்தூள் போல வேலை செய்யும். பண்ணை வழியாகத் தீவுப் பக்கம் அடிக்கடி போய்வரும் கார்களுக்கு உப்பும் சேர்கிறது. மழைக்காலத்தில் தாழ்ந்த வீதிகளில் தேங்கும் நீருக்குள் ஓடியபின் அடிப்பாகத்தைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவுவதாக இருந்தால், அந்தக் கிணறே உவர் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒவ்வொரு ஒயில் மாற்றத்தின்போதும் டோர்ச் அடித்து உறைகளைப் பாருங்கள். கிழிந்த உறையை ஆட்டம் வருமுன்பே கண்டுபிடித்தால் சில நாட்களுக்குள் உறையை மட்டும் மாற்றித் தப்பலாம். ஒரு மாரி போன பிறகு கண்டுபிடித்தால் மூட்டையே மாற்றுங்கள்.

சாமான் வாங்கும்போது

டை ரொட் எண்டுக்கு நம் கடைகளில் எல்லோரும் கேட்பது ஜப்பானிய 555. நல்ல சாமான். ஆனால் பெயர் பெற்ற எதற்கும் போலி வரும், அட்டைப்பெட்டியைப் பார்த்துக் காசு கொடுக்காதீர்கள். கடை மேசையிலேயே குண்டின் தண்டைக் கையால் அசைத்துப் பாருங்கள். புதிய மூட்டு இறுக்கமாக, எல்லாப் பக்கமும் ஒரே சீரான தடையோடு அசைய வேண்டும். தொளதொளவென்று தானாகச் சரிந்தால் திருப்பிக் கொடுங்கள். பழையதைக் கழற்றிக் கொண்டுபோய் புரி, நீளம், கூம்பு மூன்றையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவது இன்னும் நல்லது. ஒரே பெயரில் வந்த கார்களிலும் வருடத்துக்கு வருடம் அளவு மாறியிருக்கும்.

பாவித்த றக் வாங்கலாம், அது முழுப் பொருள். பாவித்த போல் ஜொயின்ட், டை ரொட் எண்ட் வாங்குவது என் கணக்கில் மடத்தனம். ஒரு பக்கம் தேய்ந்து போயிருந்தால் மறுபக்கத்துக்கும் அதே வயது, இரண்டையும் சேர்த்து மாற்றுவதுதான் எலைன்மென்ட் செலவை ஒரு தடவையோடு முடிக்கும்.

டை ரொட் எண்ட் மாற்றுவது

கையில் கொஞ்சம் பழக்கமும் ஒரு காலைப் பொழுதும் இருந்தால் வீட்டிலேயே செய்யக்கூடிய வேலை.

1. முதல் நாள் இரவே ரொட்டின் புரியிலும் லொக் நட்டிலும் (எண்டை ரொட்டில் பூட்டி வைக்கும் நட்டு) துரு விடுவிக்கும் ஒயில் அடித்து ஊறவிடுங்கள். கரையோரக் கார்களில் இது இல்லாமல் தொடங்கினால் நட்டு உருண்டுவிடும்.

2. கார் தரையில் இருக்கும்போதே சில்லு நட்டுகளை அரைச்சுற்று தளர்த்துங்கள். பிறகு தூக்கி, தாங்குகால் வைத்து, சில்லைக் கழற்றுங்கள்.

3. லொக் நட்டைக் கால் சுற்றுக்கு மேல் தளர்த்த வேண்டாம். அது நிற்கும் இடத்தைப் பெயின்ட்டால் குறித்து வையுங்கள். புதிய எண்ட் எதுவரை ஏற வேண்டும் என்று சொல்லப்போவது அந்த நட்டுத்தான்.

4. கிரீட நட்டு கழராமல் அதற்கூடாகச் செருகியிருக்கும் கிளிப்பு ஆணியை நிமிர்த்தி இழுத்து எடுங்கள். கிரீட நட்டைக் கழற்றி, மறுபடி இரண்டு புரி மட்டும் ஏற்றி விடுங்கள், மூட்டு விடுபடும்போது முகத்தில் அடிக்காது.

5. கூம்பு நக்கிளுக்குள் இறுகியிருக்கும். இழுகருவி இருந்தால் போடுங்கள். இல்லாவிட்டால் நக்கிள் கையின் வளையத்தை இரு பக்கமும் இரண்டு சுத்தியலால் ஒரே நேரத்தில் அடியுங்கள். நான்கு ஐந்து அடியில் ‘பக்’ என்று விடும். மூட்டின் புரியை மேலிருந்து அடிக்கக் கூடாது. கவைக்கோலைச் செருகி நெம்புவது உறையைக் கிழிக்கும், தூக்கி எறியப்போகும் மூட்டுக்கு மட்டும் அது சரி.

6. பழைய எண்டைக் கழற்றும்போது எத்தனை சுற்று என்று சத்தமாக எண்ணுங்கள். புதியதை அதே எண்ணிக்கைக்கு ஏற்றி, லொக் நட்டை மறுபடி இறுக்குங்கள். பழைய ஒஸ்டின் வகைகளில் ரொட்டின் ஒரு முனையில் இடப்புரி இருக்கும், பார்த்துத் திருப்புங்கள்.

7. கூம்பையும் அதன் துளையையும் கிறீஸ் இல்லாமல் துடைத்துப் பொருத்துங்கள். சிறிய கார்களில் கிரீட நட்டுக்குப் பெரும்பாலும் 40 முதல் 50 நியூட்டன் மீற்றர். உங்கள் காரின் கையேடு வேறு சொன்னால் அதைக் கேளுங்கள். ஆணித் துளை ஒத்துவராவிட்டால் நட்டை இன்னும் கொஞ்சம் இறுக்கி ஒத்துவரச் செய்யுங்கள். தளர்த்தி ஒத்துவரச் செய்வது தவறு. கிளிப்பு ஆணி எப்போதும் புதியது. பழைய கம்பித் துண்டு வேண்டாம்.

நட்டைத் திருப்பும்போது குண்டின் தண்டும் சேர்ந்து சுற்றினால் மூட்டுக்கு அடியில் ஜக்கை வைத்து மெல்ல அழுத்துங்கள், கூம்பு கவ்விக்கொள்ளும்.

மற்றப் பழுதுகள்

றக் எண்ட் மாற்ற, உறையை விலக்கி றக்கின் முனையில் இருந்தே சுழற்றிக் கழற்ற வேண்டும். பழகிய கைக்கு விடுவது நல்லது. ஆனால் வேலை முடிந்ததும் மூன்றைக் கேட்டுப் பாருங்கள்: பூட்டு வளையத்தின் விளிம்பை மடித்தார்களா, உறை கிழியாமல் இரு முனையிலும் கிளிப் போட்டார்களா, றக்கைப் பிடிக்காமல் ஸ்பனரை இழுத்து உள்ளே பல்லைக் காயப்படுத்தவில்லையா.

றக்கின் முதுகில் உள்ள சரிசெய்யும் ஆணியை இறுக்கி ஆட்டத்தைக் குறைக்கலாம் என்று சிலர் உடனே ஸ்பனரை எடுப்பார்கள். உள்ளே பற்கள் சேர்ந்திருக்கும் இடத்தில் தேய்மானம் இருந்தால்தான் அதற்கு வேலை. நேராக ஓடும் நடுப்பகுதிதான் அதிகம் தேயும். நடுவில் இறுக்கினால் ஓரங்களில் பிடிக்கும், வளைவில் திருப்பிய ஸ்டியரிங் தானாகத் திரும்பி வராது. ஆட்டத்தைவிட அது ஆபத்தானது. கையேட்டில் உள்ள அளவைத் தாண்டித் தொட வேண்டாம்.

லோவர் ஆர்ம் புஷ் மாற்றினால், அதன் பொல்ட்டுகளைக் கடைசியாக இறுக்குவது கார் தரையில் நின்று பாரம் இறங்கிய பிறகு. தொங்கிய நிலையில் இறுக்கினால் றப்பர் முறுகியபடியே இருந்து சில மாதத்தில் கிழியும். பல கராஜ்களில் இதைச் செய்வதில்லை, நீங்கள் நின்று சொல்ல வேண்டும்.

ஸ்டியரிங் வளையத்தைக் கழற்ற நேர்ந்தால், எயார்பேக் உள்ள கார்களில் பற்றரியின் நெகட்டிவ் கம்பியைக் கழற்றிக் குறைந்தது 90 செக்கன் பொறுங்கள். உண்மையில் நான் அந்த வேலையை வீட்டில் செய்வதே இல்லை. வகன்ஆர், விட்ஸ், எக்சியோ போன்றவற்றில் மின்சார பவர் ஸ்டியரிங். ஈபிஎஸ் விளக்கு எரிந்தால் ஸ்பனரை வைத்துவிட்டு ஸ்கேனரைத் தேடுங்கள்.

ஒஸ்டினும் மொறிஸும்

பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடிய கார்கள் இன்னும் நம் முற்றங்களில் நிற்கின்றன. ஏ40 சமர்செட், கேம்பிரிட்ஜ் போன்றவற்றில் றக் இல்லை, ஸ்டியரிங் பெட்டி. மூட்டுகளை எல்லாம் முன்பு சொன்னபடி பார்த்து முடித்தபின், பெட்டிக்குள் போகும் தண்டையும் பெட்டியில் இருந்து தொங்கும் கையையும் ஒன்றாகப் பாருங்கள். தண்டு திரும்பியும் கை அசையாவிட்டால் ஆட்டம் பெட்டிக்குள். அதற்கும் முன், பெட்டியைச் சட்டத்தோடு பிடிக்கும் பொல்ட்டுகளைத் தட்டிப் பாருங்கள். சட்டமே துருவில் வெடித்து, பெட்டி முழுதாக ஆடிய கார்களும் உண்டு.

பெட்டிக்கு வேண்டியது தடித்த கியர் ஒயில். கசிகிறது என்று கிறீஸ் அடைத்துவிடுவார்கள். பற்கள் கிறீஸை ஒருதரம் தள்ளிவிட்டால் அது திரும்பி வராது, பல் காய்ந்தபடி உரசும். சரிசெய்யும் ஆணி உள்ள பெட்டியில் முன் சில்லுகளைத் தூக்கி, ஸ்டியரிங்கை நேராக வைத்து, பூட்டு நட்டைத் தளர்த்தி, ஆணியை எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் திருப்பாமல் இறுக்குங்கள். பிறகு ஒரு முனையில் இருந்து மறுமுனைவரை திருப்பிப் பாருங்கள். எங்காவது பிடித்தால் ஒரு துளி பின்வாங்குங்கள். நடுவில் கொஞ்சம் ஆட்டம் மிஞ்சினால் அதோடு வாழலாம், பிடிக்கும் ஸ்டியரிங்கோடு வாழ முடியாது.

மொறிஸ் மைனர் இதில் விதிவிலக்கு. 1948இல் வந்தபோதே அதற்கு றக் ஸ்டியரிங். அதன் பயம் வேறிடத்தில்: முன் சில்லைத் தாங்கும் ட்ரனியன் என்ற புரி மூட்டு. கிறீஸ் நிப்பிளுக்குக் கிறீஸ் அடிக்காமல் விட்டால் புரி தேய்ந்து, மெதுவாகத் திருப்பும் ஏதோ ஒரு தருணத்தில் சில்லு மடங்கிப் படுத்துவிடும். சில்லைத் தூக்கி 12, 6 பிடித்து ஆட்டும் சோதனையை மைனர்காரர்கள் மாதம் ஒருமுறை செய்தாலும் பிழையில்லை.

எலைன்மென்டும் ஓட்டிப் பார்ப்பதும்

டை ரொட் எண்ட், றக் எண்ட், லோவர் ஆர்ம் எதைத் தொட்டாலும் சில்லுகளின் கோணம் மாறியிருக்கும். எலைன்மென்ட் கடைக்குப் போகும்வரை ஓட்ட, வீட்டிலேயே ஒரு அளவு எடுக்கலாம். காரை நேராகச் சில அடி உருட்டி நிறுத்தி, இரண்டு முன் டயர்களின் முன்பக்கத்தில் நடுப்பள்ளத்தில் சோக்கால் ஒவ்வொரு புள்ளி வையுங்கள். இரண்டுக்கும் இடையே டேப்பால் அளங்கள். காரை அரைச்சுற்று முன்னே உருட்டுங்கள், அதே புள்ளிகள் டயரின் பின்பக்கத்துக்கு வரும். அதே உயரத்தில் மறுபடி அளங்கள். முன் அளவும் பின் அளவும் சமமாகவோ, முன்னளவு ஒன்றிரண்டு மில்லிமீற்றர் குறைவாகவோ இருந்தால் கடைவரை ஓட்டலாம். ஐந்துக்கு மேல் வித்தியாசம் என்றால் ரொட்டைத் திருப்பிச் சரிசெய்துவிட்டுப் புறப்படுங்கள். எலைன்மென்ட் செய்பவர் மூட்டுகளை ஆட்டிப் பார்க்காமலே மெஷினை மாட்டத் தொடங்கினால் வேறு கடை பாருங்கள். ஆடும் மூட்டில் வைத்த கோணம் கடை வாசலில் விழும் முதல் கிடங்கிலேயே மாறிவிடும்.

ஓட்டிப் பார்ப்பதை 20இல் தொடங்குங்கள், ஒழுங்கையில். இடமும் வலமும் முழுதாகத் திருப்பி, பிரேக் குழாயோ உறையோ எங்கும் உரசவில்லை என்று பாருங்கள். பிறகு ஊருக்குள் 50, வெளியே 70. சட்டம் அனுமதிப்பதும் அதுதான், சோதனைக்கும் அது போதும். கார் நேராகப் போயும் ஸ்டியரிங் வளையம் சாய்ந்து நின்றால், இரு பக்க ரொட்டும் சமமாக ஏறவில்லை. வளையத்தைக் கழற்றி நேராக மாட்டித் தருகிறோம் என்பார்கள், விடாதீர்கள். ரொட்டுகளை ஒரு பக்கம் கூட்டி மறுபக்கம் குறைத்துத்தான் நேராக்க வேண்டும்.

300 கிலோமீற்றர் ஓடியதும் ஒருமுறை சில்லு நட்டு, லொக் நட்டு, கிளிப்பு ஆணி மூன்றையும் தொட்டுப் பாருங்கள். கொப்பியை எடுத்து வளையத்தின் ஆட்டத்தை மறுபடி அளந்து, பழைய அளவுக்குக் கீழே எழுதுங்கள். என் கொரோலாவில் அது 42இல் இருந்து 11க்கு வந்தது. கழற்றிய பழைய றக் இன்னும் கொட்டிலில் கிடக்கிறது. அதில் ஒரு பழுதும் இல்லை.